மேலூர் பட்டாம்பூச்சிக் காட்டுக்குப் போகிறீர்களா? காலையிலேயே கிளம்புங்கள்!

திருச்சியில் பள்ளி விடுமுறை விட்டால் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். “இந்த வாரம் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கிட்டுப் போறது?” மலைக்கோட்டை ஏறியாயிற்று. முக்கொம்பு போயாயிற்று. கல்லணையும் பார்த்தாயிற்று. அடுத்து யாராவது ஒருவர் சொல்வார்: “மேலூர்ல பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்கே!”

போய்விட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் இரண்டே விதமாகத்தான் வரும். “அடேயப்பா, எத்தனை பூச்சி! பிள்ளைகள் வரவே மாட்டேன்னு அடம்” என்பார் ஒருவர். “ஒரு மணி நேரம் சுத்தினோம். நாலு பூச்சிகூட கண்ணில் படலை. சிமென்ட் பொம்மைகூட நின்னு போட்டோ எடுத்துட்டு வந்தோம்” என்பார் இன்னொருவர். இருவரும் போனது ஒரே இடம். சில சமயம் ஒரே நாளும்கூட!

வித்தியாசம் எங்கே இருக்கிறது? போன நேரத்தில் இருக்கிறது. நின்ற இடத்தில் இருக்கிறது. என்ன தேடினோம் என்பதில் இருக்கிறது. உயிரியல் பூங்காவில் கூண்டுக்கு முன்னால் போய் நின்றால் புலி தெரியும். இங்கே அப்படி இல்லை. கூண்டே இல்லாத இடம் இது. பூச்சிகள் தாமாக வருகின்றன, தாமாகப் போகின்றன. நாம்தான் அவற்றின் நேரத்துக்குப் போக வேண்டும்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. பிரிந்த இரண்டும் கல்லணை அருகே மீண்டும் நெருங்கி வந்துவிட்டு விலகிப் போகின்றன. இடையில் இருக்கும் நீண்ட தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. தீவின் கிழக்குப் பக்கம் கோயில்களும் வீடுகளும். மேற்கே போகப் போக வாழைத் தோட்டம், வயல், தோப்பு. அந்த மேற்குப் பக்கத்தில், ஸ்ரீரங்கம் வட்டம் மேலூரில், மேலணை காப்புக் காட்டின் ஒரு பகுதியாக இருக்கிறது வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. சுமார் 25 ஏக்கர். வனத்துறை அமைத்தது. 2015 நவம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

இந்தியாவில் பட்டாம்பூச்சிப் பூங்கா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெங்களூரு பன்னர்கட்டா. அங்கே பெரிய கூரைக்குள் ஈரப்பதத்தைச் சரியாக வைத்து, பூச்சிகளைப் பறக்கவிட்டிருப்பார்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலும் அப்படி ஓர் உள்ளரங்கத் தோட்டம் உண்டு. விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துவிட்டு வரலாம். மேலூரிலும் மூடிய கூடம் ஒன்றும், முட்டையிலிருந்து வளர்த்தெடுக்கும் ஆய்வுக்கூடமும் இருக்கின்றன. ஆனால், பூங்காவின் பெரும்பகுதி திறந்தவெளி. பூச்சிகளுக்குத் தேவையான செடிகளை நட்டு, தண்ணீருக்குச் சிறு குட்டைகள் அமைத்து, “வந்தால் வாருங்கள்” என்று விட்டுவிட்டார்கள்.

வந்தன. இதுவரை நூறு வகைகளுக்கு மேல் இங்கே பதிவாகியிருக்கின்றன. தமிழ்நாடு முழுவதிலும் காணப்படும் வகைகள் முந்நூற்றுச் சொச்சம்தான். அதில் மலைக்காடுகளில் மட்டுமே வாழ்பவை ஏராளம். வெயில் கொளுத்தும் திருச்சிச் சமவெளியில், நகரத்தை ஒட்டிய ஒரு சிறு இடத்தில் நூறுக்கு மேல் என்றால் சாதாரணமா? ஆற்று ஈரமும், சுற்றியிருக்கும் வயல் தோப்பும், காட்டுச் செடிகளும் சேர்ந்து செய்த வேலை அது. பூங்காவின் வேலிக்கு வெளியே உள்ள வாழைத் தோட்டமும் வரப்போரச் செடியும் இல்லாமல் போனால் வேலிக்கு உள்ளேயும் எண்ணிக்கை குறையும். பட்டாம்பூச்சிக்கு வேலி தெரியாதே!

எப்போது போனால் கண்ணில் படும்?

பட்டாம்பூச்சி குளிர் ரத்தப் பிராணி. நம்மைப் போல உடம்புச் சூட்டை உள்ளேயே உண்டாக்கி வைத்துக்கொள்ள அதனால் முடியாது. காலை வெயிலில் இறக்கையை விரித்து உட்கார்ந்து, தசை சூடேறிய பிறகுதான் பறக்கும். விடிகாலையில் போனால் இலைக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கும். உச்சிவெயிலில் போனால் சூடு தாங்காமல் நிழலில் இறக்கையை மூடி ஒளிந்திருக்கும். மூடிய இறக்கையின் அடிப்பக்கம் பெரும்பாலும் காய்ந்த இலை நிறம். பக்கத்திலேயே இருந்தாலும் தெரியாது.

நாம் என்ன செய்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை நிதானமாக எழுந்து, டிபன் முடித்து, பெருமாளைச் சேவித்து, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு இரண்டு மணிக்குப் போய் நிற்கிறோம். பூச்சி எப்படித் தெரியும்?

நுழைவுச்சீட்டு கொடுக்க ஆரம்பிக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். அப்போதிருந்து பதினொன்றரை மணிவரை நல்ல நேரம். அதைத் தவறவிட்டால், வெயில் தாழ்ந்த பிற்பகலில் கொஞ்ச நேரம் கிடைக்கும். மேகமூட்டமான நாளிலும், காற்று பலமாக அடிக்கும் நாளிலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். திருச்சியின் ஆடிக் காற்றில் நாமே நடக்க முடியாது. கிராம் கணக்கில்கூட எடை வராத பூச்சி என்ன செய்யும்?

மாதங்களில், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஐப்பசியிலிருந்து தை, மாசி வரை சிறப்பு. மழை பெய்தால் செடி துளிர்க்கும். துளிர் இலையில்தான் முட்டை வைக்கும். முட்டை வைத்த ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் அடுத்த தலைமுறை பறக்கும். அதனால் நல்ல மழை பெய்து, நாலைந்து வாரம் கழித்து வரும் வெயில் நாளைக் கணக்கு வைத்துப் போங்கள். கோடை விடுமுறையில்தான் பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிறது. ஆனால், அக்னி நட்சத்திரத்தில் பூச்சியும் குறைவு, நமக்கும் தலைவலி. அரையாண்டு விடுமுறையை இதற்கு வைத்துக்கொள்ளலாம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஊரிலிருந்து உறவினர்கள் வந்திருப்பார்களே, அவர்களுக்கும் காட்டின மாதிரி இருக்கும்.

பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள்

பூங்காவுக்குள் போனதும் எல்லோரும் பூ இருக்கும் பக்கம் ஓடுவார்கள். பூவில் தேன் குடிக்க வரும் பூச்சி அழகுதான். ஆனால் நொடியில் பறந்துவிடும். இலையில் இருப்பது எங்கும் போகாது. முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் இலையிலும் தண்டிலும்தான் இருக்கும்.

சென்ற தை மாதம் என் தங்கை பேரன் என்னோடு வந்திருந்தான். மூன்றாம் வகுப்பு. எலுமிச்சைச் செடி அருகே நின்றவன் முகத்தைச் சுளித்தான்.

“பெரிய பாட்டி, இந்த இலையெல்லாம் காக்கா எச்சம்!”

“நல்லா பாரு கண்ணா. எச்சத்துக்குக் கால் இருக்குமா?”

குனிந்து பார்த்தான். எச்சம் மெல்ல நகர்ந்தது! அவன் போட்ட கூச்சலில் பின்னால் வந்த ஒரு குடும்பமே ஓடிவந்து பார்த்தது.

அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம்புழு. கறுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் போலவே இருக்கும். எச்சத்தை எந்தப் பறவையாவது கொத்துமா? அதுதான் அதன் தந்திரம். கொஞ்சம் வளர்ந்ததும், எச்சம் என்று ஏமாற்ற முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடும். உடனே வேஷத்தை மாற்றி, இலைப்பச்சை நிறத்துக்கு வந்துவிடும். அப்படியும் யாராவது தொந்தரவு செய்தால், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பாம்பு நாக்கு போல இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே ஒரு கெட்ட வாடை. எறும்பும் சிறு பூச்சிகளும் கிட்ட வராது.

அது ஏன் எலுமிச்சைச் செடியில் இருந்தது? தாய்ப் பட்டாம்பூச்சி கண்ட இலையில் முட்டை வைக்காது. இலையில் உட்கார்ந்து முன்னங்காலால் படபடவெனத் தட்டும். அதன் காலில் ருசி அறியும் உறுப்பு இருக்கிறது. நாம் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது போல, அது இலையைக் காலால் ருசி பார்க்கிறது. ‘என் பிள்ளை தின்னும் இலைதான்’ என்று தெரிந்த பிறகே முட்டை. தப்பான இலையில் வைத்தால் பொரித்த புழு பட்டினி கிடந்து செத்துவிடும்.

எந்தச் செடிக்கு எது வரும் என்று தெரிந்துவிட்டால் பூங்காவைச் சுற்றுவது புதையல் தேடுவது மாதிரி ஆகிவிடும்.

எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் ஆகிய செடிகளில் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் முட்டை வைக்கும்.

எருக்கஞ்செடியில் வெந்தய வரியன். ஆரஞ்சு நிறத்தில், ஓரத்தில் கறுப்பு வைத்த பட்டுப்புடவை போல இருக்கும். திருச்சியில் தரிசு நிலத்திலெல்லாம் பறப்பது இதுதான்.

ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலிக் கொடிகளில் சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும்.

ஆமணக்கில் பழுப்பு நிறத்தில் வரிவரியாக ஒன்று வரும். சரக்கொன்றையிலும் ஆவாரையிலும் வெளிர் மஞ்சளும் வெளிர் பச்சையுமாகக் கூட்டம் கூட்டமாக வரும்.

விஷமும் வேஷமும்

வெந்தய வரியன் அவசரமே இல்லாமல் மெதுவாகப் பறக்கும். பறவைகள் அதை விரட்டாது. எருக்கம்பால் விஷம் என்று நமக்குத் தெரியும். அந்த இலையைத் தின்று வளர்ந்த புழு, விஷத்தை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒருமுறை தின்று வாந்தி எடுத்த பறவை மறுபடி அந்த நிறத்தைத் தொடாது. ஆடுதின்னாப்பாளையைத் தின்னும் சிவப்புடல் அழகிக்கும் அதே பாதுகாப்பு.

கறிவேப்பிலை அழகிக்கு அந்த விஷம் கிடையாது. கறிவேப்பிலையில் என்ன விஷம் இருக்கிறது? அதனால் அதன் பெண் பூச்சிகளில் சில ரோஜா அழகி போலவும், சில சிவப்புடல் அழகி போலவும் இறக்கையில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டு பிறக்கின்றன. இன்னும் சில ஆண் பூச்சியைப் போலவே இருக்கும். ஒரே வகைப் பெண்ணுக்கு மூன்று தோற்றம்! எப்படிப் பிரித்தறிவது? உடம்பைப் பாருங்கள். உண்மையான விஷக்காரிக்கு உடம்பும் சிவப்பு. வேஷக்காரிக்கு இறக்கையில் மட்டும்தான் சிவப்பு, உடம்பு கறுப்பு. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டுத் தேட விடுங்கள். அரை மணி நேரம் உங்கள் கைபேசியைக் கேட்க மாட்டார்கள்.

குட்டை ஓரத்து ஈர மண்ணில் நாலைந்து பூச்சிகள் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் கலைக்காமல் நில்லுங்கள். அவை பெரும்பாலும் ஆண்கள். தேனில் சர்க்கரை உண்டு, உப்புச் சத்து போதாது. அதை ஈர மண்ணிலிருந்து உறிஞ்சி எடுக்கின்றன. அந்தச் சத்தைப் பிறகு பெண்ணுக்குக் கொடுக்கின்றன. முட்டைக்கு அது உதவும். கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளின் வாடிய இலையிலும் காயிலும் வரியன்கள் மொய்த்திருப்பதையும் பார்க்கலாம். பெண்ணைக் கவரும் வாசனை தயாரிக்க அந்தச் செடிச் சாறு அவற்றுக்கு வேண்டும். சீர்வரிசை, வாசனைத் திரவியம் எல்லாம் அங்கேயும் உண்டு!

இன்னொரு விஷயம். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை பயணிகள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் திரும்பப் போகின்றன. கோவையில் இருக்கும் ஆர்வலர் அமைப்புகள் பல ஆண்டுகளாக இதைப் பதிவு செய்துவருகின்றன. இவ்வளவு தூரம் பறக்கும் பூச்சிக்கு வழியில் தேனும் தண்ணீரும் நிழலும் வேண்டும். பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் எப்படியோ, அப்படித்தான் இந்தப் பயணிகளுக்கு மேலூர் போன்ற இடங்கள்.

பூங்காவா, காடா?

இப்போது கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாம். விடுமுறை நாளில் அங்கே நடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

கைக்குட்டையை வீசிப் பூச்சி பிடிக்கும் பிள்ளையைப் பெற்றோர் சிரித்தபடி வீடியோ எடுக்கிறார்கள். இறக்கையைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி இருக்கிறதே, அது பொடி இல்லை. ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணிய செதில். நிறம் அதில்தான். உதிர்ந்த செதில் மறுபடி முளைக்காது. சில வாரமே வாழும் பூச்சிக்கு, மிச்ச வாழ்நாள் முழுவதும் அந்தக் குறையோடுதான். இறக்கை கிழிந்தால் அன்றோடு முடிந்தது.

புகைப்படத்துக்காகப் பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். புழு இருக்கும் கிளையை ஒடித்து, “வீட்டுல வளர்க்கலாம்” என்று பையில் போடுகிறார்கள். கைபேசியில் சத்தமாகப் பாட்டு. தின்றுவிட்டுச் செடிக்குள் வீசிய சிப்ஸ் உறை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுக்குள் நுழைந்ததும் எப்படி மறந்துவிடுகிறோம்?

பெயரில் பூங்கா இருப்பதால் வரும் குழப்பம் இது. ஊஞ்சல், சறுக்கு, செயற்கை நீரூற்று எல்லாம் கேட்கத் தோன்றுகிறது. “பிள்ளைகள் விளையாட இன்னும் நாலு சாமான் வெச்சா நல்லா இருக்கும்” என்று வாசலில் யாராவது சொல்லாத நாள் இல்லை. கூட்டம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் எந்தப் பொது இடமும் கடைசியில் கொடுக்கும். நாம் சறுக்குமரம் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் எருக்கஞ்செடி இருந்த இடத்தில் சறுக்குமரம் வந்துவிடும். அப்புறம் வெந்தய வரியன் வராது. பிள்ளைகள் சறுக்குமரம் ஏற முனிசிபல் பார்க் போதுமே, மேலூர் எதற்கு?

சட்டப்படி இது காப்புக் காடு. அனுமதி இல்லாமல் செடியை ஒடிப்பதும் உயிரினத்தைப் பிடிப்பதும் குற்றம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் யானை, புலியோடு நிற்கவில்லை. சில பட்டாம்பூச்சிகளும் அதன் பட்டியலில் இருக்கின்றன. இதைப் பிள்ளைகளுக்குப் பயமுறுத்தலாகச் சொல்ல வேண்டாம். கோயிலுக்குள் போகும்போது செருப்பை விடுகிறோம், குரலைத் தாழ்த்துகிறோம். யாரும் அபராதம் போடுவார்கள் என்று செய்வதில்லை. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தால் போதும்.

அதேசமயம் நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. செடிக்குச் செடி, ‘இந்த இலையில் இந்தப் பூச்சி முட்டை வைக்கும்’ என்று தமிழில் படத்தோடு ஒரு சிறு பலகை. விடுமுறை நாள் காலையில் அரை மணி நேரம் கூட நடந்து காட்ட ஒரு தன்னார்வலர். இந்த இரண்டையும் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வாருங்கள். பத்துப் பேர் எழுதினால் கவனிப்பார்கள்.

கறிவேப்பிலையில் புழு வந்தால்…

மேலூரில் பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பை தேவையில்லை, ஒரு தொட்டி போதும்.

ஸ்ரீரங்கத்தில் முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறம். கிணற்றடியில் கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, நந்தியாவட்டை, துளசி. பட்டாம்பூச்சி பார்க்க யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. கொல்லை போய் அபார்ட்மென்ட் வந்தது. மிச்சமிருக்கும் தொட்டிக் கறிவேப்பிலையில் ஒரு புழுவைக் கண்டால் உடனே மருந்து! அந்த மருந்து அடித்த இலையைத்தான் மறுநாள் ரசத்தில் தாளிக்கிறோம் என்பதையாவது யோசிக்க வேண்டாமா?

கறிவேப்பிலையில் பச்சைப் புழு வந்தால் ஒரு கிளையை அதற்கு விட்டுவிடுங்கள். இரண்டு, மூன்று வாரம் தின்னும். பிறகு தண்டில் நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகத் தொங்கும். பச்சைத் தண்டில் இருந்தால் கூடு பச்சை. காய்ந்த குச்சியில் இருந்தால் பழுப்பு. பத்துப் பன்னிரண்டு நாளில், பெரும்பாலும் ஒரு காலை வேளையில், கூடு வெடிக்கும். கசங்கிய துணி போல வெளியே வருவது, அரை மணி, ஒரு மணியில் இறக்கையை நீவிக்கொண்டு பறந்துவிடும். செடி என்ன ஆகும் என்று கவலை வேண்டாம். கறிவேப்பிலை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும்.

“புழுன்னா அரிக்குமே?” என்று கேட்பீர்கள். முருங்கையில் மொய்க்கிற கம்பளிப்பூச்சிதான் அரிக்கும். அது அந்துப்பூச்சியின் புழு. பட்டாம்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும், ஒன்றும் செய்யாது. இருந்தாலும் எதையும் தொடாமல் கண்ணால் பார்க்கவே பிள்ளைகளைப் பழக்குங்கள்.

மாடியில் இடம் இருந்தால் இட்லிப்பூ, செம்பருத்தி, துளசி, சாமந்தி வையுங்கள். தேனுக்கு ஆயிற்று. மருந்து மட்டும் அடிக்காதீர்கள். பூவுக்கு அழைத்துவிட்டு விஷம் வைப்பது விருந்தாளிக்குச் செய்யும் துரோகம்.

அப்படியே இன்னும் இரண்டு இடம்

காலையில் மேலூர் என்றால் மதியச் சாப்பாட்டை முக்கொம்பில் வைத்துக்கொள்ளலாம். 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கேதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போனது பலருக்கும் நினைவிருக்கும். பிறகு புதிய கதவணை கட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் அதிகம் திறந்துவிட்டிருக்கும் நாளில் பிள்ளைகளைக் கரை ஓரம் விடாதீர்கள். காவிரி அமைதியாகத் தெரியும், ஆனால் இழுத்துவிடும்.

காட்டில் நின்று பார்க்கும் ருசி பிள்ளைகளுக்கு வந்துவிட்டால் அடுத்தது கரைவெட்டி. அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. திருச்சியிலிருந்து காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள பெரிய ஏரி. காவிரித் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிறைகிறது. 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியும் கிடைத்தது. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்து கார்த்திகை முதல் மாசி வரை இங்கே வந்து தங்கும். மங்கோலியாவிலும் திபெத்திலும் முட்டையிட்டுவிட்டு, குளிருக்குத் தஞ்சம் தேடி நம் பக்கத்து ஏரிக்கு வருகிற விருந்தாளி! ஒரு பைனாகுலர் மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்…

* மேலூர் பூங்கா வாரத்தில் ஒருநாள், வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை, மூடியிருக்கும். நேரத்தையும் கட்டணத்தையும் முந்தின நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டணம் குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும் அளவில்தான் வைத்திருக்கிறார்கள்.

* ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர். இரு சக்கர வாகனத்திலோ ஆட்டோவிலோ போவது சுலபம். ஆட்டோ என்றால் திரும்பி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

* உள்ளே நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை ஒரு குட்டை ஓரத்து நிழலில் உட்காரவையுங்கள். ஓடுகிறவர்களைவிட உட்கார்ந்திருப்பவர் கண்ணில்தான் அதிகம் படும்.

* தொப்பி, தண்ணீர் பாட்டில், செருப்புக்குப் பதில் ஷூ. கடுமையான வாசனைத் திரவியம் வேண்டாம்.

* பூச்சியின் மேல் நம் நிழல் விழுந்தால் பறந்துவிடும். சூரியனைப் பார்த்தபடி, மெதுவாக நெருங்குங்கள்.

* பிள்ளைக்கு ஒரு சிறு நோட்டு, பென்சில். தேதி, நேரம், எந்தச் செடி, என்ன நிறம். இவ்வளவு எழுதினால் போதும்.

அந்தக் கடைசிக் குறிப்பு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 1976-லிருந்து சாதாரண மக்கள் வாரம் தவறாமல் ஒரே பாதையில் நடந்து பட்டாம்பூச்சிகளை எண்ணிவருகிறார்கள். எந்த வகை குறைகிறது, எது வடக்கே நகர்கிறது என்று அந்த நாட்டு விஞ்ஞானிகளுக்குத் தெரிவது அந்தக் கணக்கை வைத்துத்தான். நம் நாட்டிலும் செப்டம்பர் மாதத்தைப் பட்டாம்பூச்சி மாதமாக வைத்து ஆர்வலர்கள் எண்ணுகிறார்கள். எடுத்த படத்தை ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியில் போட்டால் பெயர் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரோடு அது பதிவாகவும் ஆகிவிடும்.

2019-ல் தமிழ்நாடு அரசு ‘தமிழ் மறவன்’ என்ற பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. மலைக்காட்டில் வாழ்வது அது. திருச்சியில் தேடினால் கிடைக்காது. பரவாயில்லை. நம் தெருவில் பறக்கும் வெந்தய வரியன் ஒன்றின் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரிந்த உயிரைக் கைக்குட்டையால் அடிக்க எந்தக் குழந்தைக்கும் மனசு வராது.